திறவாத கோப்புகளும் திறக்க விரும்பாத நிர்வாகங்களும்

புலம்பெயர் நாடுகளில் இயங்கும் தமிழ்ச் சங்கங்களும் ஊர் ஒன்றியங்களும் தமிழ்ப் பாடசாலைகளும் ஆண்டுதோறும் விழா எடுக்கின்றன, மலர் வெளியிடுகின்றன, பொன்னாடை போர்த்துகின்றன. அவற்றுள் 1990களின் பிற்பகுதியில் கணினிக்கு மாறிய ஓர் அமைப்பின் நிர்வாகசபையிடம், அக்காலத்து உறுப்பினர் பதிவேடு எங்கே என்று யாரேனும் கேட்டுப் பார்க்கட்டும். முன்னாள் செயலாளர் ஒருவரின் வீட்டு நிலவறையில் உள்ள பழைய கணினியில் எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்பதே வழக்கமான மறுமொழி. அது மைக்ரோசொஃப்ட் அக்சஸ் 97இல் அமைக்கப்பட்ட தரவுத்தளம். அமைத்துக் கொடுத்தவர் அன்று பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஒரு தம்பி. அவர் இப்போது வேறொரு நாட்டில், வேறொரு தொழிலில், பிள்ளை குட்டிகளோடு இருக்கிறார். கடவுச்சொல் அவருக்குத் தெரியும் என்று மற்றவர்கள் நம்புகிறார்கள்.

இந்த நிலைக்குப் பெயர் பத்திரம் அன்று.

அந்தக் கோப்பினுள் இருப்பது சந்தாக் கணக்கு மட்டும் என்று எண்ணுவோர், அன்றைய விண்ணப்பப் படிவங்களை நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. பெயர், தந்தை பெயர், தாய் பெயர், பிறந்த ஊர், குறிச்சி, படித்த பாடசாலை, நாட்டை விட்டு வெளியேறிய ஆண்டு, தாயகத்தில் எஞ்சியுள்ள உறவினர் என்று பல விவரங்களை ஊர் ஒன்றியங்கள் கேட்டு வாங்கின. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த மக்களுள் ஒரு பகுதியினர் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தம் ஊர்களில் கால்வைக்க முடியாதிருந்தனர். மயிலிட்டித் துறைமுகம் விடுவிக்கப்பட்டது 2017இலேயே. அவ்வூர்களின் வேலியும் ஒழுங்கையும் தரைமட்டமான பின்னர், எந்தக் குறிச்சியில் எந்தக் குடும்பம் வாழ்ந்தது என்பதற்கு எஞ்சியுள்ள சான்றுகளுள் இத்தகைய பதிவேடுகளும் அடங்கும். 1995 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்தைவிட்டு மக்கள் ஒட்டுமொத்தமாக வெளியேறியபோதும், 2004 திசெம்பர் 26 ஆழிப்பேரலையின் பின்னரும், யார் எங்கே தங்கியிருக்கிறார்கள், யாருக்கு உதவி தேவை என்று சங்கங்கள் திரட்டிய விவரங்களுள் பல தட்டெழுதப்பட்டதும் இவ்வகைக் கோப்புகளிலேயே.

1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் யாழ் பொது நூலகம் எரிக்கப்பட்டதை ஆண்டுதோறும் நினைவுகூரும் அமைப்புகள், தம் பொறுப்பில் உள்ள பதிவேடு ஒரு வன்தட்டின் ஆயுளை நம்பிக் கிடப்பதைப் பொருட்படுத்தாதிருப்பது விந்தையே. இங்கே தீ வைப்பவர் எவரும் இல்லை. ஒரு நாள் மின்பொத்தானை அழுத்தும்போது கணினி உயிர்பெறாது, அவ்வளவே.

"இன்னும் திறக்கிறதே, ஏன் அதைத் தொடவேண்டும்?" என்பது நிர்வாகங்களின் முதல் வாதம். திறப்பது அந்த ஒரு கணினியில் மட்டும் என்பதை அவர்கள் சொல்வதில்லை. அக்சஸ் 2007 உடன் ஏ.சி.சி.டி.பி. என்ற புதிய கோப்பு வடிவம் வந்தது. அதன் பின்னரும் பழைய எம்.டி.பி. கோப்புகளை மைக்ரோசொஃப்ட் சில காலம் ஏற்றுக்கொண்டது. ஆனால் அக்சஸ் 2013 பதிப்பு, 97 வடிவக் கோப்புகளைத் திறக்கும் வசதியை முற்றாகக் கைவிட்டது. பின் வந்த பதிப்புகளிலும் அது திரும்பவில்லை. அக்சஸ் 2000 முதல் 2003 வரையிலான வடிவங்களை இன்றைய பதிப்புகளும் திறக்கும், ஆகவே அவற்றை வைத்திருப்போருக்குச் சற்று அவகாசம் உண்டு. 97 கோப்பை வைத்திருப்போருக்கு அந்த அவகாசம் என்றோ முடிந்துவிட்டது. அவர்களுக்கு இனிப் பாலமாக இருப்பவை 2003, 2007, 2010 ஆகிய இடைப்பட்ட பதிப்புகள். அவற்றுள் கடைசியானதற்கான ஆதரவும் 2020 ஒக்ரோபரில் நிறுத்தப்பட்டது. அந்தப் பதிப்புகளுள் ஒன்று நிறுவப்பட்ட கணினியைத் தேடிப்பிடிப்பது ஆண்டுக்கு ஆண்டு கடினமாகிறது.

இரண்டாவது வாதம் இதனினும் ஆபத்தானது, ஏனெனில் அது செயல்போலத் தோற்றமளிக்கிறது. "ஒருவர் புதிய வடிவத்துக்கு மாற்றித் தந்துவிட்டார், வேலை முடிந்தது" என்கிறார்கள். மாற்றிய கோப்பைத் திறந்தால் அட்டவணைகள் இருக்கின்றன, வரிசைகள் இருக்கின்றன, எண்ணிக்கையும் சரியாக இருக்கிறது. பெயர் என்ற புலத்தில் மட்டும் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகக் கிடக்கின்றன. பாமினி எழுத்துருவை நிறுவினால் அவை தமிழாகத் தெரிகின்றன. உடனே மனநிறைவோடு கோப்பை மூடிவிடுகிறார்கள்.

இங்கே நடந்தது என்னவென்று விளங்கிக்கொள்ளவேண்டும். அக்சஸ் 97 ஒவ்வோர் எழுத்தையும் ஒரு பைற்றாகச் சேமித்தது. ஒருங்குறியில் சேமிக்கும் வழக்கம் அக்சஸ் 2000 உடன் வந்த ஜெட் 4 தரவுத்தள இயந்திரத்தோடுதான் தொடங்கியது. விண்டோஸ் இயங்குதளத்திலும் தமிழ் ஒருங்குறிக்கான ஆதரவு விண்டோஸ் 2000 வந்த பின்னரே கிடைத்தது. அதற்கு முன் தமிழில் தட்டெழுதியவர்கள், ஆங்கில எழுத்துகளின் உருவத்தைத் தமிழாக வரைந்துகாட்டும் எழுத்துருக்களைப் பயன்படுத்தினார்கள். ஈழத்தமிழரிடையே அவற்றுள் மிகப் பரவலாக இருந்தது பாமினி. தமிழ் என்ற சொல்லைப் பாமினியில் தட்டெழுதினால் கோப்பில் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. திரையில் தெரிந்த தமிழ் வெறும் ஒப்பனை. அக்சஸின் மாற்றுக் கட்டளைக்கு இந்த ஒப்பனை பற்றி எதுவும் தெரியாது. அது ஜேயை ஜேயாகவே, அரைப்புள்ளியை அரைப்புள்ளியாகவே நேர்மையாகக் கொண்டுபோய்ப் புதிய கோப்பில் வைக்கும். பெட்டி புதிதாயிற்று, உள்ளே இருந்த ஓலை தொடப்படவே இல்லை.

திஸ்கி முறையில் தட்டெழுதியவர்களின் நிலை இன்னும் சிக்கலானது. அம்முறையில் தமிழ் எழுத்துகள் 128க்கு மேற்பட்ட எண்களில் அமைந்தவை. ஐரோப்பாவிலோ கனடாவிலோ உள்ள கணினியில் 97 கோப்பு புதிய வடிவத்துக்கு மாறும்போது, அந்த எண்கள் மேற்கைரோப்பிய எழுத்துத் தொகுதியின் குறிகளாகக் கருதப்பட்டு அவற்றுக்குரிய ஒருங்குறி எண்களாக மாற்றப்படுகின்றன. பின்னர் திஸ்கியைத் தமிழாக மாற்றும் நிரலை நேரடியாக ஓட்டினால் விளைவு சரிவராது. முதலில் அந்த மாற்றத்தைத் திருப்பிப் பழைய எண்களை மீட்கவேண்டும், அதன் பின்னரே தமிழ்.

எழுத்துருவை நிறுவிப் படித்துக்கொள்ளலாமே, ஏன் இந்தத் தொல்லை என்று கேட்போர் உண்டு. படிப்பது மட்டும் ஒரு பதிவேட்டின் பயன் என்றால் அவ்வாதம் சரி. அகரவரிசையில் அடுக்கிப் பார்த்தால் அதன் கதி விளங்கும். பாமினியில் யகரம் ஆங்கில ஏ விசையில் இருக்கிறது, அகரம் எம் விசையில் இருக்கிறது. ஆகவே யாழினி முதலில் வருவாள், அகிலன் நடுவில் எங்கோ கிடப்பான். தேவி, கேசவன், சேரன் மூவரும் தத்தம் எழுத்துகளில் இல்லாமல், முன்னே நிற்கும் கொம்பின் கீழ் ஒன்றாகக் கிடப்பார்கள்.

தேடலின் கதி அதனிலும் மோசம். அக்சஸ் தேடும்போது ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகவே கொள்ளும். பாமினியில் சிறிய ஜி பகரம், பெரிய ஜி புகரம். எனவே அந்த மென்பொருளின் கண்ணுக்குப் பவனாவும் புவனாவும் ஒருத்தியே. இரட்டைப் பதிவுகளை நீக்குகிறேன் என்று ஆர்வமுள்ள தொண்டர் ஒருவர் எழுத்தை மாற்றுமுன் கட்டளை கொடுத்தால், ஒரே பிறந்த ஆண்டும் தலையெழுத்தும் உடைய இரு பிள்ளைகளுள் ஒரு பிள்ளை பதிவேட்டிலிருந்து காணாமற்போவாள். எவருக்கும் தெரியவராது. துப்புரவு செய்வதெல்லாம் எழுத்தை மாற்றிய பின்னரே என்பதற்கு இதனைவிடக் காரணம் வேண்டியதில்லை.

புலத்தின் நீளத்தையும் கவனிக்கவேண்டும். பாமினியில் முகரம் ஒரே குறி, ஒருங்குறியில் மகரமும் உகரக் குறியுமாக இரண்டு. முத்துக்குமாரு என்ற பெயர் பாமினியில் பத்துக் குறிகளில் அடங்கும், ஒருங்குறியில் பதினான்கு வேண்டும். அன்று இடத்தைச் சிக்கனம் பிடித்துப் பெயருக்குப் பன்னிரண்டு குறிகள் போதும் என்று வரையறுத்த கோப்பில் மாற்றத்தை அப்படியே செய்தால், கவனமற்ற நிரல் அவரது வாலை நறுக்கிவிடும். முதலில் புலங்களை அகலமாக்கவேண்டும். அக்சஸ் 255 வரை இடந்தருகிறது, அதில் கஞ்சத்தனம் எதற்கு?

தானாக மாற்றும் நிரல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றனவே என்பது அடுத்த சமாதானம். கிடைக்கின்றன, பல நன்றாகவே இயங்குகின்றன. ஆனால் அந்நிரல் எழுத்தை அறியும், மொழியை அறியாது. முகவரிப் புலத்தில் தமிழும் ஆங்கிலமும் கலந்திருந்தால் இரண்டையும் ஒன்றாகவே மாற்றித் தள்ளும். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ரொறன்ரோ நகரின் பெயர் அப்போது "வுழசழவெழ" என்று ஆகிவிடும். புலம் புலமாக, சில இடங்களில் வரிசை வரிசையாக, மனிதக் கண் பார்த்தே ஆகவேண்டும். அந்தக் கண் ஊர்ப் பெயர்களை அறிந்த முதியவரின் கண்ணாக இருந்தால் சிறப்பு. நிரல் எழுதத் தெரிந்த இளைஞருக்குக் குரும்பசிட்டியும் குப்பிழானும் ஒரே ஓசையாகத் தோன்றலாம், அவ்வூரில் பிறந்தவருக்கு ஓர் எழுத்துப் பிசகினாலும் தெரியும்.

இன்னொன்றும் உண்டு, அது தொழில்நுட்பத்தோடு தொடர்பற்றது. உறுப்பினர்களின் பெயர், தொலைபேசி, தாயகத்தில் உள்ள உறவினரின் முகவரி ஆகியவை அடங்கிய கோப்பை முன்பின் அறியாத இணையத்தளமொன்றில் ஏற்றி "மாற்று" என்ற பொத்தானை அழுத்துவது பொறுப்பின்மையின் உச்சம். அந்த விவரம் எவர் கையில் போய்ச் சேரும் என்பதற்கு எவரும் உத்தரவாதம் தரமுடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்பு விதிகள் சிறிய சங்கங்களையும் கட்டுப்படுத்துகின்றன என்பதும் பல நிர்வாகங்களுக்கு உறைப்பதில்லை. மாற்றும் வேலை சங்கத்தின் சொந்தக் கணினியில், இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு நடக்கவேண்டிய வேலை.

கடவுச்சொல் பற்றிய பெருமையும் இவ்விடத்தில் உடைக்கப்படவேண்டியது. அக்சஸ் 97இன் கடவுச்சொல் கோப்பின் தலைப்பகுதியிலேயே, எல்லோருக்கும் தெரிந்த நிலையான திறவியால் மறைத்து வைக்கப்பட்டது. அதனைக் கண்டுபிடிக்கும் சிறு நிரல்களுக்குச் சில நொடிகளே போதும். ஆகவே அந்தப் பூட்டுக் கள்ளனைத் தடுக்கவில்லை, அடுத்த செயலாளரை மட்டுமே தடுத்தது. சில அமைப்புகள் இதற்கும் மேலே போய், பயனர் ஒவ்வொருவருக்கும் தனி அனுமதி கொடுக்கும் முறையை ஏற்படுத்தின. அதற்கு எம்.டி.டபிள்யூ. என்ற துணைக்கோப்பு வேண்டும். புதிய வடிவத்தில் அந்த முறையே இல்லை. துணைக்கோப்பைத் தொலைத்தவர்கள் மாற்றம் செய்யவே திண்டாடுவார்கள். நிலவறைக் கணினியைக் குப்பைக்கு அனுப்புமுன் அதனைத் தேடி எடுக்காதவர்கள் பின்னர் யாரை நோவது?

எம்.டி.ஈ. கோப்பு மட்டுமே கைவசம் உள்ளோர் நிலையும் பரிதாபமே. தம்பி தமது நிரலை எவரும் மாற்றாதிருக்கவேண்டுமென்று தொகுத்துக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். அட்டவணைகளை அதிலிருந்து எடுக்கலாம், படிவங்களையும் நிரலையும் திருத்தும் உருவில் மீட்க இயலாது. ஆனால் இதற்காக எவரும் கண்ணீர் விடவேண்டியதில்லை. அன்றைய படிவங்களும் பொத்தான்களும் புதிய பதிப்பில் எப்படியும் முரண்டுபிடிக்கும். அவற்றில் செருகிய நாட்காட்டிக் கட்டுப்பாடு அக்சஸ் 2010இலேயே நீக்கப்பட்டுவிட்டது. பழைய தரவு அணுகல் நூலகத்தை நம்பிய நிரல்வரிகள் பிழை சொல்லும். 64 பிட் ஒஃபிஸில் விண்டோஸை நேரடியாக அழைக்கும் வரிகள் திருத்தாமல் ஓடா. படிவம் போனால் ஒரு வார இறுதியில் புதிதாக வரைந்துகொள்ளலாம். மீட்கவேண்டியது அட்டவணையும் அட்டவணைகளுக்கிடையிலான தொடர்புமே.

அந்தத் தொடர்பை அழிப்பதில் வல்லது "எக்செலில் எடுத்து வைத்திருக்கிறோம்" என்ற வாதம். தரவுத்தளத்தில் குடும்பம் ஓர் அட்டவணை, பிள்ளைகள் ஓர் அட்டவணை, பாடசாலை வகுப்புகள் ஓர் அட்டவணை. எண்களால் அவை ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்றை மட்டும் தாளாக எடுத்து வைத்தவர்களிடம் பெயர்கள் இருக்கின்றன, எவர் எவருடைய பிள்ளை என்பது இல்லை. போதாக்குறைக்குத் தொலைபேசி எண்ணின் முன்னே உள்ள பூச்சியத்தை எக்செல் தின்றுவிடும்.

திகதிகளை எவரும் சரிபார்ப்பதில்லை. ஆண்டை இரண்டு இலக்கங்களில் தட்டெழுதும் பழக்கம் அன்று இருந்தது. 29 என்று எழுதினால் அக்சஸ் அதனை 2029 என்று கொள்ளும், 30 என்று எழுதினால் 1930 என்று கொள்ளும். 1929இல் பிறந்த பாட்டி பதிவேட்டில் இன்னும் பிறக்கவில்லை. பிறந்த ஆண்டு எதிர்காலத்தில் உள்ளவர்களை ஒரே வினவலில் எடுத்துவிடலாம். ஆனால் 1925இல் பிறந்த தாத்தா 2025இல் பிறந்த பேரப்பிள்ளையைப் போலவே தோன்றுவார். அவரைக் கண்டுபிடிக்கப் பதிவு செய்த ஆண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும்.

இவ்வளவும் எதற்கு, இங்கே பிறந்து வளரும் பிள்ளைகளுக்கு இப்பதிவேடு எதற்குப் பயன்படும் என்று கேட்கும் பெற்றோருக்கு ஒன்று சொல்லலாம். கடவுச்சீட்டில் ஆங்கில எழுத்தில் உள்ள பெயரைக் கொண்டு அதன் தமிழ் வடிவத்தை மீட்க முடியாது. அங்கே உள்ள ஓர் எல், லகரமா ளகரமா ழகரமா என்று சொல்லாது. ஓர் என், நகரமா னகரமா ணகரமா என்று சொல்லாது. நோர்வேயில் பதிந்த அண்ணனின் குடும்பப் பெயரும் பிரான்சில் பதிந்த தம்பியின் குடும்பப் பெயரும் எழுத்தில் வேறுபட்டு, இரு குடும்பங்கள்போலத் தோன்றுகின்றன. பாட்டனார் தம் பெயரைத் தம் கையால் தமிழில் எழுதிக் கொடுக்க, அதனை அப்படியே தட்டெழுதிய இடம் பல குடும்பங்களுக்கு இந்தச் சங்கப் பதிவேடு ஒன்றே. குடும்பத்தின் வேரைத் தேடும் இளைஞர் ஒருவர் நாளை அதனைத் திறந்து, அரைப்புள்ளிகளும் பெரிய எழுத்துகளும் சிதறிக்கிடக்கும் ஒரு வரியைக் கண்டால், அது தம் பாட்டனாரின் பெயர் என்று எப்படி அறிவார்?

இயலாத காரியம் என்று எவரும் தப்பிக்க வழியில்லை. 1998இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலிருந்து கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டம், ஊதியமற்ற தொண்டர்களைக் கொண்டு பழந்தமிழ் நூல்களை மின்னூலாக்கியது. தொடக்க காலத்தில் அந்நூல்கள் ஒருங்குறியில் வெளிவரவில்லை. திஸ்கியில் இருந்த தொகுப்பை அவர்கள் பின்னர் ஒருங்குறிக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு சங்கத்தின் சில ஆயிரம் வரிகள் அதன் முன் எம்மாத்திரம்?

அக்சஸ் பதிப்பே கிடைக்காதவர்களுக்கும் வழி உண்டு. எம்.டி.பி. ரூல்ஸ் என்ற திறந்தமூல நிரல் தொகுதி லினக்ஸில் இயங்கி, 97 கோப்பின் அட்டவணைகளை எளிய உரைக்கோப்புகளாக எடுத்துத் தருகிறது. உரைக்கோப்பாக எடுத்து வைப்பது ஏ.சி.சி.டி.பி.க்கு மாற்றியவர்களுக்கும் கட்டாயமே. அதுவும் ஒரு நிறுவனத்தின் வடிவம்தான். 97 வடிவத்துக்கு நேர்ந்தது அதற்கு நேராது என்று எழுதித் தந்தவர் எவரும் இல்லை. சுவிஸ் கூட்டாட்சி ஆவணக்காப்பகம் தன் தரவுத்தளங்களுக்கென உருவாக்கிய சியார்ட் வடிவமும் இதே அச்சத்தில் பிறந்ததே. அது அட்டவணைகளையும் அவற்றின் தொடர்புகளையும் திறந்த உரைவடிவில் பொதிந்து வைக்கிறது, அக்சஸ் கோப்புகளையும் ஏற்றுக்கொள்கிறது. சுவிஸ் அரசு தன் ஏடுகளுக்குச் செய்வதை, அந்நாட்டில் பல்லாண்டுகளாக வாழும் தமிழர் தம் ஏடுகளுக்குச் செய்வதில் தடை என்ன?

செலவு என்றும் சொல்லமுடியாது. ஒரு கலைவிழாவின் மண்டப வாடகையில் ஒரு பகுதிகூட இதற்கு ஆகாது. வேண்டியவை பழைய பதிப்பு நிறுவிய ஒரு கணினி, இரண்டு வன்தட்டுகள், நிரல் தெரிந்த ஓர் இளைஞர், ஊர் தெரிந்த ஒரு முதியவர், நான்கைந்து வார இறுதிகள். மூலக்கோப்பின் பிரதி ஒன்றைத் தொடாமல் ஒதுக்கிவைத்துவிட்டு மற்றப் பிரதியில் வேலை செய்யவேண்டும். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒவ்வோர் அட்டவணையின் வரிசைகளை எண்ணிக் குறிக்கவேண்டும். எழுத்து மாறிய பின் ஐம்பது பெயர்களை எழுந்தமானமாக எடுத்து, பழைய திரையையும் புதிய திரையையும் அருகருகே வைத்து முதியவர் உரத்து வாசிக்கவேண்டும்.

அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வரவு செலவு அறிக்கை வாசிக்கப்படும்போது, பெற்றோரும் இளைஞரும் எழுந்து கேட்கவேண்டியவை மூன்று. பதிவேடு எந்த வடிவத்தில், எந்த எழுத்து முறையில் இருக்கிறது? அதன் பிரதிகள் எத்தனை, எவரெவரிடம் உள்ளன? நிர்வாகசபை கூடியுள்ள இந்த மண்டபத்தில், இப்போதே, ஒரு மடிக்கணினியில் அதனைத் திறந்து, தந்தை பெயர் புலத்தில் ழகரம் உள்ள பத்துப் பேரைத் தேடிக் காட்ட முடியுமா? கூட்ட அறிவிப்பு வெளிவந்ததும் இம்மூன்றையும் எழுத்தில் செயலாளருக்கு அனுப்பிவிட்டால், அன்று "பிறகு பார்ப்போம்" என்று சொல்ல இடமிராது.